மடத்துப் பியரும் தவறணைக் கள்ளும்

ஒரு பானம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை நாக்கே தீர்மானிக்கின்றது என்று பலர் எண்ணுகின்றனர். நாக்குக்கு அத்துணை அதிகாரத்தை எந்தச் சமூகமும் வழங்கியதில்லை. பானத்தை ஆக்குபவன் சமூகத்தின் எந்தப் படியில் நிறுத்தப்பட்டிருக்கின்றானோ, அந்தப் படியிலேயே அவனது பானமும் வைக்கப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பனங்கள் இதற்குத் தக்க சான்றாகும். இக்கூற்றை மிகையெனக் கருதுவோர் இரண்டு காட்சிகளை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது காட்சி இலண்டன் மாநகரில், பெல்ஜியப் பியருக்கென்றே அமைந்த ஒரு மதுச்சாலையில் நிகழ்கின்றது. யாழ்ப்பாணத்திற் பிறந்து, படித்து, புலம்பெயர்ந்து, நல்ல உத்தியோகத்தில் அமர்ந்துள்ள ஒருவர் நண்பர்களுடன் அங்கே நுழைகின்றார். அவர் கையில் தரப்படும் பட்டியல் ஒரு சிறு நூலளவு தடித்தது. ஒவ்வொரு பியருக்கும் ஊரும் மதுசாரச் செறிவும் குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிண்ணம் உண்டு. ஒன்று தேவாலயப் பூசைக் கிண்ணத்தை ஒத்தது; மற்றொன்று துலிப் மலரை ஒத்தது. இது மடத்துத் துறவிகள் ஆக்கியது, இது காற்றிலுள்ள மதுவத்தால் தானே நொதித்தது என்று பரிமாறுபவர் விளக்க, வந்தவர் பயபக்தியோடு கேட்கின்றார். புளித்த பியர் ஒன்றை முதன்முறை சுவைத்து முகஞ்சுளித்தபோதும், அப்புளிப்பே அதன் சிறப்பு என்று அறிந்ததும் தம் நாக்கைத் திருத்திக்கொள்கின்றார்.

இரண்டாவது காட்சி குடாநாட்டின் ஒரு கிராமத்தில் நிகழ்கின்றது. நல்லூர்த் திருவிழாவுக்கென ஊர் வந்த அதே மனிதர் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருக்கின்றார். வேலிக்கு அப்பால், இடுப்பிற் பாளைக்கத்தியும் முட்டியுமாக ஒரு தொழிலாளி மரத்தினின்று இறங்குகின்றார. முட்டியில் நுரைத்திருப்பதும் காற்றிலுள்ள மதுவத்தால் தானே நொதித்ததுதான், அதுவும் புளிப்பதுதான். ஆயினும் அதன் மணம் இங்கே 'நாற்றம்' எனப்படுகின்றது. அதனை இறக்கியவரை விறாந்தைக்கு அழைத்து, எந்த மரம், எப்போது கட்டிய முட்டி என்று கேட்க அவருக்குத் தோன்றுவதில்லை. விருந்தாளிக்கென நகரத்திலிருந்து தொழிற்சாலைப் பியர் வருவிக்கப்படுகின்றது. கள்ளில் ஆசை எழுந்தால், பொழுதுபட்டபின் பின்வளவால் யாரேனும் அனுப்பப்படுவர்.

அங்கே பணிவும் இங்கே அருவருப்பும் ஒரே மனிதரிடத்திற் குடிகொண்டிருப்பது எவ்வாறு? இவ்வினாவைத் தனிமனித சுபாவத்தின் விநோதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது ஒரு சமூகத்தின் வரலாற்றோடு பிணைந்த வினா.

பெல்ஜியம் போற்றும் புளிப்பு

பெல்ஜியத்தின் பெருமை வெறும் விளம்பரத்தால் வந்ததென்று கூறுவது அநீதியாகும். அந்நாட்டின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் 2016ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அதற்கு முன்னரே, பாடகர் மைக்கல் ஜாக்சனின் பெயரையே கொண்டிருந்த ஆங்கிலேய எழுத்தாளர் ஒருவர், 1977இல் உலகப் பியர்களைப் பற்றியும் 1991இற் பெல்ஜியத்தின் சிறந்த பியர்களைப் பற்றியும் நூல்கள் எழுதி, திராட்சை மதுவுக்கு மட்டுமே உரியதாயிருந்த மரியாதையைப் பியருக்கும் பெற்றுக்கொடுத்தார். இலங்கையின் லயன் ஸ்ரவுட் என்ற கரும்பியர் வெளியுலகில் அறியப்பட்டதற்கும் அவருடைய எழுத்து ஒரு காரணமாகும். பானத்தின் மதிப்பை எழுத்தும் ஆக்குகின்றது என்பது இங்கே மனங்கொள்ளத்தக்கது.

இம்மரியாதையின் பின்னால் ஓர் எதிர்ப்பும் இருந்தது. பெரிய ஆலைகள் சிறிய வடிப்பகங்களை விழுங்கி, எங்கும் ஒரே சுவையுள்ள பியரை நிரப்பிய காலத்திலே, 1971இற் பிரித்தானியாவிற் பாவனையாளர்கள் ஓர் இயக்கங்கண்டு மரபுவழிப் பியரைக் காக்க முற்பட்டனர். ஐக்கிய அமெரிக்காவில் 1978இல் வீட்டிற் பியர் ஆக்குவதற்கு இருந்த மத்திய அரசின் தடை நீக்கப்பட்டது; அடுத்த பதின்மங்களில் ஆயிரக்கணக்கான சிறு வடிப்பகங்கள் தோன்றின. இன்று 'கைவினைப் பியர்' என்று கொண்டாடப்படுவது இவ்வாறு தொழிற்சாலைப் பண்டத்துக்கு எதிராக எழுந்ததேயாகும். உலகின் மிகப்பெரிய பியர்க் கம்பனியின் தலைமையகமும் பெல்ஜியத்தின் லூவன் நகரிலேயே உள்ளது என்பதையும் சேர்த்து நோக்கினால், அந்நாட்டின் சிறிய வடிப்பகங்கள் எத்தகைய பூதத்தின் நிழலில் நின்று பிழைக்கின்றன என்பது புலனாகும்.

யாழ்ப்பாணத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. தொழிற்சாலையிற் பிறவாத, ஊருக்கு ஊரும் மரத்துக்கு மரமும் சுவை மாறும், அன்றன்று ஆக்கி அன்றன்று அருந்தப்படும் பானம் ஒன்றை இக்குடாநாடு நூற்றாண்டுகளாகக் கையில் வைத்திருக்கின்றது. மேற்குலகத்தார் இழந்து, தேடி, மீட்டெடுத்த ஒன்றை இங்குள்ளோர் கையில் வைத்துக்கொண்டே இகழ்கின்றனர்.

நொதித்தல் கூறும் நியாயம்

இவ்விடத்தில் இரு பானங்களினதும் ஆக்கமுறையைச் சற்று நுணுகி நோக்குதல் பொருத்தமாகும். பிரசெல்சு நகரையும் அதன் மேற்கேயுள்ள கிராமங்களையும் சார்ந்து 'லாம்பிக்' என்ற பியர் ஆக்கப்படுகின்றது. பார்லி முளைமாவையும் கோதுமையையும் அவித்தெடுத்த சாறு, ஆழங்குறைந்த அகன்ற தொட்டியிலே இரவு முழுவதும் திறந்து விடப்படும். அந்த இரவுக்காற்றிலும் அந்தக் கட்டடத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் அதில் இறங்கி நொதித்தலைத் தொடக்கும். வெப்பமான மாதங்களில் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகுமாதலின், குளிர் பொருந்திய மாதங்களிலேயே இது நிகழும். பின்னர் மரப்பீப்பாயில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அது முதிரும். இளையதையும் முதியதையும் கலந்து போத்தலில் அடைத்தால் 'கூஸ்' எனப்படும் பியர் பிறக்கின்றது. அதில் எழும் ஒருவகை மணத்தைச் சுவைஞர்கள் குதிரையின் போர்வைக்கு ஒப்பிடுவர். ஒப்பிடுவது இகழ்தற்கன்று, புகழ்தற்கே.

கள்ளுக்கு அவிப்பும் இல்லை, முளைமாவும் இல்லை. பனையின் பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் அதன் நுனியை மெல்லியதாகச் சீவ, இனிய சாறு முட்டியிற் சொட்டுகின்றது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். அதுவே காய்ச்சப்பட்டுப் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு இல்லையெனில், மரத்தில் இருக்கும்போதே மதுவமும் பற்றீரியாவும் தம் வேலையைத் தொடங்கிவிடும். சில மணித்தியாலங்களில் அது கள். மேலும் நாள் செல்லின் அது புளித்து வினாகிரி. லாம்பிக் மூன்றாண்டுகளிற் காணும் மாற்றங்களுட் பலவற்றைக் கள் ஒரு பகலுக்குள் கண்டுவிடுகின்றது.

காலநிலையும் மூலப்பொருளும் வேறு, அடிப்படை ஒன்றே. இரண்டும் மனிதன் மதுவத்தை ஊட்டாமல், இயற்கையின் மதுவத்துக்கு வழிவிட்டுப் பெறும் பானங்கள். இரண்டிலும் மனிதனின் திறமை காலத்தை அறிந்து கை வைப்பதிலும் கையை எடுப்பதிலுமே தங்கியிருக்கின்றது. ஒன்றின் புளிப்பைப் 'பண்பட்ட சுவை' என்றும் மற்றதன் புளிப்பைப் 'புளிச்சல்' என்றும் அழைப்பதற்கு இரசாயனத்தில் ஆதாரம் எதுவுமில்லை.

உழைப்பை ஒப்பிட்டாலும் கள்ளுக்கே கூடுதலான மதிப்பு உரியது. நாற்பதடி உயரமான பனைகள் பதினைந்தில் ஒருவர் காலையும் மாலையும் ஏறுவதாகக் கொள்வோருக்கு, அவர் ஒருநாளில் ஏறும் உயரம் 1,200 அடி என்று கணக்கு வரும். கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 350 மீற்றர், அஃதாவது 1,150 அடி. மின்தூக்கியில் அக்கோபுரத்தின் மேலேறிப் படம் பிடித்து வருவோர் உண்டு. தளைநாரை மட்டும் நம்பி அதனினும் கூடிய உயரத்தை நாள்தோறும் ஏறியிறங்கும் மனிதரைப் படம் பிடிப்போர் அரியர். பிடித்தாலும் அது சுற்றுலா அட்டைக்கே உதவுகின்றது.

பிளாவும் சிரட்டையும்

ஆகவே இகழ்ச்சியின் வேரை முட்டிக்கு உள்ளே தேடுவது வீண். அதனை முட்டியை ஏந்தும் கையைப் பற்றிய கருத்திலேயே தேடுதல் வேண்டும். குடாநாட்டிற் கள்ளிறக்கும் தொழில் தாழ்த்தப்பட்ட சாதியார்மீது, சிறப்பாக நளவர் எனப்பட்ட மக்கள்மீது, பரம்பரையாகச் சுமத்தப்பட்டது. நிலமும் மரமும் பெரும்பாலும் வேளாளருடையன. ஏறும் உடல் மட்டுமே தொழிலாளியுடையது. மரத்துக்கு வாடகை கொடுத்து, உயிரைப் பணயம் வைத்து இறக்கியதை விற்று வாழ்ந்தவர்களுக்குக் கோயிற் கதவு அடைக்கப்பட்டிருந்தது, பொதுக்கிணறு மறுக்கப்பட்டிருந்தது.

பாத்திரங்களின் வரலாறு இவ்வுறவை நன்கு காட்டும். தேநீர்க்கடையில் தாழ்த்தப்பட்டவருக்கு மற்றையோர் அருந்தும் குவளை கிடையாது. சிரட்டையோ போத்தலோ தகரப்பேணியோதான். ஆனால் அவரது முற்றத்திற் கள் அருந்த வந்த உயர்சாதியார் பனையோலையை மடித்துக் கோலிய பிளாவிற் குடித்தனர். பிளா அழகிய பாத்திரம் என்பதில் ஐயமில்லை. எனினும் அது குடித்தபின் எறியப்படுவது. எவருடைய வீட்டுப் பாத்திரமும் அன்று. தீட்டு என்ற கோட்பாட்டுக்கு ஊறு நேராமல் தாகத்தைத் தீர்த்துக்கொள்ள அது வசதியளித்தது. அவர் கையால் தண்ணீர் வாங்க மறுத்தவர் அவர் இறக்கிய கள்ளை வாங்க மறுக்கவில்லை. தண்ணீரிற் பட்ட தீட்டு கள்ளில் ஏன் படவில்லை என்ற வினாவுக்கு எந்தச் சாத்திரமும் விடை தந்ததில்லை.

சைவத்தின் பெயரால் இவ்விகழ்ச்சியை நியாயப்படுத்துவோரும் உளர். பெரியபுராணம் போற்றும் அறுபத்துமூன்று நாயன்மாருள் ஏனாதிநாதர் ஈழக்குலச் சான்றார் மரபினர். கள்ளோடு தொடர்புடையதாகக் கருதப்படும் மரபு அது. 'ஈழம்' என்ற சொல்லுக்கே இலங்கை, பொன் என்னும் பொருள்களுடன் கள் என்ற பொருளும் அகராதியில் உண்டு. சிவாலயத்தினுள்ளே ஏனாதிநாதரின் திருவுருவத்துக்குத் தீபங்காட்டிக்கொண்டு, வெளியே மரமேறும் மக்களைத் தடுத்து நிறுத்திய சமூகம் தன் புராணத்தைத் தானே படிக்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இத்தடைகள் கருணையால் தளரவில்லை, போராட்டத்தாலேயே தளர்ந்தன. 1957இற் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தபின்னரும் கதவுகள் தாமே திறக்கவில்லை. 1966 ஒக்ரோபரிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968இன் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் ஆலயப் பிரவேசப் போராட்டமுமே அவற்றை அசைத்தன. கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவல் இம்மக்களின் வாழ்வை இலக்கியத்தின் நடுவே கொணர்ந்தது. பெல்ஜியப் பியருக்கு வாய்த்த எழுத்தாளர் சுவையை எழுதினார். யாழ்ப்பாணத்துக் கள்ளுக்கு வாய்த்த எழுத்தாளர் அதன் பின்னாலிருந்த கண்ணீரையும் குருதியையும் எழுதவேண்டியிருந்தது. இவ்விரு சமூகங்களுக்குமிடையிலான வேறுபாட்டை இதனினும் சுருக்கமாக உரைத்தல் இயலாது.

மதுவிலக்கு வாதம்

இத்தகைய வாதத்தைக் கேட்டதும் ஒரு மறுப்பு உடனே எழும்: 'கள்ளுண்ணாமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்க, குடிக்கு வக்காலத்து வாங்குவதா?' இம்மறுப்பு இலேசாக ஒதுக்கத்தக்கதன்று. மது குடும்பங்களைச் சிதைக்கின்றது. போரின் பின் வடபகுதியிற் குடி எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்திருக்கின்றது என்பதை அவ்வீடுகளின் பெண்களே அறிவர். மதுவில் எந்த அளவும் உடலுக்குப் பாதுகாப்பானதன்று என உலக சுகாதார நிறுவனம் 2023இற் கூறியுள்ளது. குடியாதிருப்பவர் எல்லா மதிப்புக்கும் உரியவர். குடியாதே என்று போதிப்பவரும் அவ்வாறே.

ஆனால் குடியைப் பொதுவாக வெறுப்பது ஒன்று. ஒரு சாதியாரின் கையால் வருவதை மட்டும் வெறுப்பது முற்றிலும் வேறொன்று. வெளிநாட்டுப் போத்தலை வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவைத்து, கள்ளை மட்டும் 'ஒழுக்கக்கேடு' என்பவர் வள்ளுவரின் பெயரை உச்சரிக்கும் தகுதியற்றவர். கள்ளுண்ணாமை திருக்குறளின் 93ஆம் அதிகாரம். அதிலிருந்து ஐந்து அதிகாரம் கடந்தால், 98ஆம் அதிகாரமாகிய 'பெருமை'யிலே, பிறப்பால் எவ்வுயிரும் சமமே என்று அதே வள்ளுவர் கூறுவதைக் காணலாம். ஐந்து அதிகாரம் மேலும் புரட்டப் பொறுமையில்லாதோரே முன்னதைத் துணைக்கு அழைக்கின்றனர். 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் வாழ்நாள் முழுவதும் மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் ஒருங்கே வற்புறுத்தியவர். யாழ்ப்பாணத்து மேட்டுக்குடியினர் முன்னதை மேடையில் ஏற்றினர். பின்னதைப் படலைக்கு வெளியே நிறுத்தினர்.

மதுவின் தீமையைக் குறைக்க முனைந்த சட்டங்களும் ஒரே வழியிற் செல்லவில்லை. பெல்ஜியத்தின் சோசலிசத் தலைவர் எமில் வந்தர்வெல்டேயின் பெயரால் வழங்கும் 1919ஆம் ஆண்டுச் சட்டம், காய்ச்சி வடித்த சாராய வகைகளை மதுச்சாலைகளில் விற்பதைத் தடைசெய்தது. தொழிலாளரை அழித்தது வடித்த சாராயம் என்று அச்சட்டம் இனங்கண்டது. நொதித்த பியரை விட்டுவைத்தது. 1980கள் வரை அது நடைமுறையில் இருந்தது. பெல்ஜியப் பியர் செறிவும் வகையும் பெற்று வளர்ந்தமைக்கு அச்சட்டமும் ஒரு காரணமெனக் கருதப்படுகின்றது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது இதன் தலைகீழ். 1987இன் தொடக்கத்திலிருந்து அங்கே கள் தடைசெய்யப்பட்டது. ஆலைகளில் ஆக்கப்படும் செறிந்த மதுவகைகளோ தடைப்படவில்லை. 2003 முதல் அவற்றின் சில்லறை விற்பனையை 'டாஸ்மாக்' நிறுவனத்தின்வழி அரசே தனியுரிமையாக நடத்துகின்றது. பனையை மாநில மரமாகக் கொண்டுள்ள நாட்டிலே பனையிலிருந்து இறக்குவது குற்றம்; ஆலையிலிருந்து வருவது அரசின் வருமானம். மக்கள்நலமே நோக்கமாயின், செறிவு குறைந்ததை ஒழித்துச் செறிவு மிகுந்ததை விற்பது எங்ஙனம்? ஏறுபவர் ஏழைகள், ஆலைக்காரர் செல்வர் என்ற விடையைத் தவிர வேறு விடையைக் கண்டுபிடித்தல் கடினம்.

விதியே பாடம்

பெல்ஜியத்திலிருந்து யாழ்ப்பாணம் கற்கக்கூடியது யாது? நல்ல கிண்ணம், நல்ல விளக்கொளி, நல்ல பட்டியல் என்று விடைகூறுவோர் பெருகி வருகின்றனர். சுற்றுலா விடுதிகளின் மேன்மாடத்திற் பனையோலைக் கூரையமைத்து, கள்ளை மண்குவளையில் ஊற்றி, 'மரபுப் பானம்' என்று உயர்ந்த விலைக்கு விற்றுவிட்டாற் கள்ளின் மானம் மீண்டுவிடும் என்பது அவர்களது எண்ணம். இதனினும் ஆபத்தான தீர்வு இல்லை. பானம் மாடிக்கு ஏறும். இறக்கியவர் பின்வாயிலிலேயே நிற்பார். விலை பத்துமடங்காகும், அவரது கூலி உயருமென்பதற்கு உறுதி எதுவுமில்லை. சாதியம் அழிந்துவிடாது, அழகுபடுத்தப்பட்ட புதிய உடையொன்றை அணிந்துகொள்ளும்.

பெல்ஜியத்தின் மெய்யான பாடம் அதன் மடங்களிலே உள்ளது. திராப்பிஸ்து துறவிகளின் மடங்கள் 1997இல் ஒரு சங்கத்தை அமைத்துத் தம் பெயருக்கு முத்திரை வகுத்தன. அம்முத்திரையைப் பெறுவதற்கு மூன்று விதிகள் உண்டு. பண்டம் மடத்தின் மதிலுக்குள்ளேயோ அதன் அண்மையிலோ ஆக்கப்படல் வேண்டும். ஆக்கம் துறவிகளின் மேற்பார்வையில் நிகழ்தல் வேண்டும். வருமானம் துறவிகளின் வாழ்வுக்கும் மடத்தின் பராமரிப்புக்கும் பயன்பட்டு, எஞ்சியது அறப்பணிகளுக்குச் செல்லவேண்டும். ஆகெல் என்ற மடத்தினின்று துறவிகள் நீங்கியதும், 2021இல் அதன் பியர் அம்முத்திரையை இழந்தது. பியர் அதே பியர்தான். ஆக்கியோர் இல்லை, ஆகவே பெயரும் இல்லை. வெஸ்ற்விளேற்றரன் மடத்தின் பியர் ஒன்று 2005இல் உலகின் முதன்மையான பியரென்று சுவைஞர் கணிப்பில் இடம்பெற்றபோதும், துறவிகள் தம் உற்பத்தியைப் பெருக்க மறுத்தனர். தம் வாழ்வுக்குப் போதியதை ஆக்குவதே அவர்கள் நெறி.

இவ்விதிகளைத் தமிழில் ஒரே சொல்லாற் கூறலாம்: உரிமை. பெயரும் வருமானமும் ஆக்குவோருக்கே உரியன என்பதே அவற்றின் சாரம். அவ்வுரிமைக்கான வித்து யாழ்ப்பாணத்திலும் ஊன்றப்பட்டது. 1970களில் உருவாகி வளர்ந்த பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள், தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்த விற்பனையைத் தொழிலாளரின் சங்கத்துக்கு மாற்ற முனைந்தன. அன்றுவரை இறக்குவதற்கு மட்டும் உரிமை பெற்றிருந்தவர் விற்பதிலும் பங்காளரானார். கள்ளைப் போத்தலில் அடைத்தல், சாராயம் வடித்தல் என்று அச்சங்கங்களின் முயற்சி விரிந்தது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கைதடியிற் பனை ஆராய்ச்சி நிறுவகம் அமைந்தது.

பின்னர் வந்த போர் இவ்வளர்ச்சியை முறித்தது. எறிகணைகளாற் பனைகள் தலையிழந்தன. பதுங்குகுழிகளுக்காக எண்ணற்றவை தறிக்கப்பட்டன. தறித்தவை ஒருநாளில் விழுந்தன. அவற்றின் இடத்திலே நடப்படும் வடலி பாளை தள்ளப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேற் செல்லும். போர் ஓய்ந்த பின்னரோ உரிமைபற்றிய பழைய வினா புதிய வடிவில் எழுந்தது. வடமராட்சியின் திக்கம் வடிசாலையைத் தனியாரிடம் குத்தகைக்கு ஒப்படைக்கும் முயற்சிக்குக் கூட்டுறவாளரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அதனை வெறும் நிர்வாகத் தகராறு என்று கருதுவோர், துறவிகளில்லாத மடத்துக்குத் திராப்பிஸ்து முத்திரை ஏன் கிடைப்பதில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களுக்குள்ளும் குறைகள் இல்லாமலில்லை. தண்ணீர் கலந்த கள், சுத்தமற்ற தவறணை, இருண்ட கொட்டில், அரசியற் செல்வாக்கு ஆகிய குற்றச்சாட்டுகள் பல காலமாகக் கூறப்படுபவை. அவை திருத்தப்படல் வேண்டும். ஆயினும் இழிவானதென்று ஒதுக்கப்பட்ட இடம் தூய்மையாய் இருக்கவில்லை என்று, ஒதுக்கியவர்களே குறைகூறுவது நேர்மையன்று. ஒளிந்து சென்று குடிக்கும் இடத்திலே தரத்தைக் கேட்பார் எவருமிலர். கேட்பாரில்லாத இடத்தில் தரம் வளர்வதுமில்லை.

செய்யத்தக்கன

'தாலவிலாசம்' என்ற தமிழ்நூல் பனையின் பயன்கள் 801 என்று எண்ணுகின்றது. அந்த எண்ணை மேடைதோறும் கூறிப் பெருமைப்படாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. எண்ணூற்றொரு பயனையும் மரத்தினின்று நிலத்துக்குக் கொணரும் மனிதரை அக்கணக்கிற் சேர்க்காதிருப்பதே இச்சமூகத்தின் நெடுநாட் பிழை. ஏறுவோரின் பிள்ளைகள் இத்தொழிலை விட்டு விலகிக்கொண்டிருப்பதாக இன்று பலர் கவலைப்படுகின்றனர். தந்தையின் தொழிலே வசைச்சொல்லாக வழங்கும் பள்ளிக்கூடத்திற் படித்த பிள்ளை அத்தொழிலை விட்டு ஓடுவது அறிவுடைமையேயாகும். அவன் ஓடுவதைக் குறைகூறுமுன் அவனை ஓடவைத்ததைக் குறைகூறுதல் வேண்டும். தொழில் பிறப்போடு ஒட்டியிருக்கும்வரை அது அழிவதில் வருந்துவதற்கு எதுவுமில்லை. எவரும் விரும்பிக் கற்று, தக்க ஊதியமும் மதிப்பும் பெற்று, வேண்டாதபோது விட்டுச்செல்லக்கூடிய தொழிலாக அது மாறினாலன்றி அதற்கு எதிர்காலமும் இல்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. மரத்தினின்று விழுந்தவரின் குடும்பம் பிச்சையெடுக்காதவாறு முழுமையான காப்புறுதி வேண்டும். உயிருக்கு ஆபத்தில்லாமல் ஏறுவதற்கான கருவிகளும் பயிற்சியும் சங்கங்களின்வழி வழங்கப்படல் வேண்டும். யாழ்ப்பாணப் பனங்கள் என்ற பெயர் எந்தப் போத்தலில் பொறிக்கப்படினும், அதன் வருமானத்திற் பெரும்பங்கு இறக்கியோரின் சங்கத்துக்குச் செல்லவேண்டுமென்பது சட்டமாதல் வேண்டும். தவறணை பகலில், வெளிச்சத்தில், சுகாதாரப் பரிசோதகரின் கண்முன்னே, தலைநிமிர்ந்து புகக்கூடிய இடமாக அமைதல் வேண்டும். நொதித்தலைப் பாடநூலில் விளக்கும்போது பாணையும் பியரையும் மட்டும் காட்டாது, பள்ளிக்கூட வேலிக்கு அப்பால் தொங்கும் முட்டியையும் ஆசிரியர் சுட்டிக்காட்டுதல் வேண்டும். காட்டும்போது வகுப்பில் எவரும் சிரிக்காத நிலை வேண்டும்.

கள்ளை அருந்துவதும் அருந்தாதிருப்பதும் அவரவர் விருப்பம். அருந்தாதவரும் அதனை இறக்குபவருக்குத் தம் வீட்டுக் குவளையில் தண்ணீர் கொடுத்தல் வேண்டும்; அவர் கொடுப்பதையும் வாங்கிப் பருகுதல் வேண்டும். இலண்டனில் ஒரு கிண்ணத்தின்முன் பணிந்து அமரக் கற்றுக்கொண்டவருக்கு இது கடினமான பாடமாக இருத்தல் இயலாது. கடினமாக இருக்குமெனில், அவர் அங்கே கற்றது சுவையையன்று, விலையை மட்டுமே.